காலஞ்சென்ற பேராசிரியராக நான்

தலைமைப் பண்பு பற்றிய பத்து நாள் பயிற்சிக்காக நான் சென்னைக்குப் போயிருந்தபோது, என் கணவர் தனியாளாக வீட்டை மாற்றி முடித்துவிட்டார்.

விழுப்புரத்தில் இருபத்தோரு வருடம் குடியிருந்த வாடகை வீடு அது. எனக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு கொடுத்து, கூட்டேரிப்பட்டுக்கு அருகில் ஒரு கிராமத்துப் பள்ளியில் போட்டிருந்தார்கள். அவருடைய குடும்ப நிலமும் அந்தப் பக்கம்தான். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற பிறகு அங்கே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுவதும், மழை வரவில்லையென்று வானத்தைத் திட்டுவதுமாகப் பொழுது போக்கிக்கொண்டிருந்தார். அதனால் திண்டிவனத்தில் வீடு பார்த்தோம். பயிற்சி முடிந்து, தலைமைப் பண்புக்கான சான்றிதழோடு நேராகப் புது வீட்டுக்குப் போய் இறங்கினேன்.

உடைந்த மிக்சி மூடிகூட வந்து சேர்ந்திருந்தது. காலாவதியான காலண்டர்கள் வந்திருந்தன. எதற்கென்று எங்கள் இருவருக்குமே தெரியாத ஓர் இரும்புக் கம்பி வந்திருந்தது. புத்தகங்கள் மட்டும் இல்லை. ஐந்து அட்டைப்பெட்டிகள். கல்லூரியில் படித்த காலத்திலிருந்து சேர்த்தவை.

“அதெல்லாம் நீ படிச்சு முடிச்சதுதானே?” என்றார் அவர். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. “முடிக்காதது ஒண்ணு ரெண்டு இருந்தா சொல்லு, போய் வாங்கியாரலாம்.”

“யாருக்குப் போட்டீங்க?”

“மார்க்கெட்டுல பழைய புக்குக் கடைக்குத்தான் குடுத்தேன். பழைய பேப்பர்காரனுக்கா போட்டேன்? அவ்ளோ விவரங்கெட்டவனா நானு?”

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்து, மூன்று நாளும் இரவு பாலில் மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதரிடம் நான்காவது நாளும் கோபமாக இருப்பதற்கு ஒரு பயிற்சி வேண்டும். அதற்கு அரசாங்கம் என்னை அனுப்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி விழுப்புரம் போனேன்.

அந்த மார்க்கெட் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். வரிசையாக இரும்புத் தூண்கள், மேலே மங்களூர் ஓடு, ஓட்டுக்கும் உத்தரத்துக்கும் நடுவில் புறாக்கள். முன்பக்கம் காய்கறி, இடப்பக்கம் பூக்கடைகள், வலப்பக்கம் கருவாடு. கடைசியில், வெளிச்சம் குறைந்துபோகும் இடத்தில் பழைய புத்தகக் கடைகள். கட்டடத்தை யார் எப்போது திறந்துவைத்தார்கள் என்று ஒரு கல்வெட்டு இருக்கிறது. போட்டித் தேர்வு வழிகாட்டிகள் அதன்மேல் உயரமாக அடுக்கப்பட்டிருப்பதால், “திறந்துவைத்தார்” என்பது மட்டும்தான் தெரியும். யார் என்பது குரூப் நான்குக்குப் பின்னால் இருக்கிறது.

முன்பு நான்கு கடைகள் இருந்தன. இப்போது இரண்டு. அதில் ஒன்றில் என் புத்தகங்கள் தனி அலமாரியில், நேர்த்தியாக, முதுகு தெரிய அடுக்கப்பட்டிருந்தன. என் வீட்டில் ஒருநாளும் அவை அவ்வளவு அழகாக இருந்ததில்லை. மேலே அட்டையில் எழுதி ஒட்டியிருந்தது: “அறிஞர் குறிப்புகளுடன்.”

இங்கே என் கெட்ட பழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கணக்கு டீச்சர். கையில் எழுதுகோல் இல்லாமல் எனக்குப் படிக்க வராது. நாவலோ கட்டுரையோ, ஓரத்தில் சரி, தப்பு, கேள்விக்குறி என்று பென்சிலால் போட்டுக்கொண்டேதான் படிப்பேன். சில இடங்களில் ஒரு வரி, சில இடங்களில் நாலு வரி எழுதுவேன். அவசரத்துக்கு வேறு காகிதம் கிடைக்காவிட்டால் மளிகைச் சாமான் பட்டியலும் அங்கேதான். நோட்டில் பெயர் எழுதாத பிள்ளைகளை வெயிலில் நிறுத்துகிற எனக்கு, என் புத்தகத்தில் என் பெயரை எழுதும் வழக்கம் மட்டும் கிடையாது.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் “இது என் புத்தகம்” என்று சொல்ல வாயெடுப்பதற்குள், வழிகாட்டி வாங்க வந்த ஒருவரிடம் அந்த அலமாரியைக் காட்டிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

“பெரிய புரொபசருங்க. அவரு படிக்காத புக்கு கிடையாது. போன மார்கழியில போயிட்டாரு. ஆறு மாசம்கூட ஆவல, பொண்டாட்டிக்காரி அஞ்சு பொட்டியையும் தூக்கிப் போட்டுட்டா. பொம்பளைக்குப் புக்கோட அருமை எங்கங்க தெரியும்?”

சொல்லும்போது அவர் குரல் உண்மையிலேயே கம்மியது. கேட்டவரும் தலையை ஆட்டி அந்த மனைவியைத் திட்டினார். நானும் தலையாட்டினேன். இருபத்தோரு வருடத்தில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு உயர்வாகப் பேசிக் கேட்டதில்லை. ஆளை மாற்றிப் பேசினாலும் பேச்சு பேச்சுதானே. இரண்டு புத்தகங்களை மட்டும், குறிப்புக்கென்று கூட்டிவைத்த விலையோடு வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது அலமாரியில் பாதிக்கு மேல் காணவில்லை.

“ஒருத்தரே எடுத்துக்கினு போறாருங்க. நயினாரு. மேல்சித்தாமூர்காரு. சனிக்கிழமையில மண்டிக்கு வந்தா இங்க வராம போவமாட்டாரு. ஜல்தியா எடுத்துக்குங்க, இல்லாட்டி அதுவும் போயிடும்” என்றார் கடைக்காரர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் நயினாரே வந்துவிட்டார். மல்லாட்டை வியாபாரி. செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். எழுபதை நெருங்கும் வயது, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துணிப்பை. கருவாட்டுப் பக்கம் வராமல், பூக்கடைகளின் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்ததால் அவர்மேல் மல்லிகை வாசனை அடித்தது. என் கையில் அந்த அலமாரிப் புத்தகம் ஒன்று இருப்பதைப் பார்த்ததும் பரம்பரைச் சொத்தில் பங்கு கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மரியாதையாக வணக்கம் சொன்னார்.

“நீங்களும் பேராசிரியர் குறிப்பு படிக்கறீங்களாம்மா?”

“இப்போதாங்க ஆரம்பிச்சேன்” என்றேன். அது முழுப்பொய் என்று சொல்ல முடியாது. எழுதியதை நான் ஒருமுறைகூடத் திருப்பிப் படித்ததில்லை.

“புத்தகத்த விடுங்கம்மா, அது யார் வேணும்னாலும் எழுதலாம். இவரு ஓரத்துல எழுதறாரு பாருங்க, அதுதான் எழுத்து.” அவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். “ஒரு கதையில ஒருத்தன் பொண்டாட்டி புள்ளைங்கள விட்டுட்டுத் துறவியாகி மலைக்குப் போறான். எழுதினவரு நாலு பக்கம் உருகியிருக்காரு. பக்கத்துல பேராசிரியர் ஒரே வரி: ‘இவன் வேட்டியை இனி யார் துவைப்பது?’ பாத்தீங்களா? உடம்பு அழுக்கையே இன்னொருத்தர் துவைக்கணும்னு இருக்கறவனுக்கு மனசு அழுக்கு எப்படிப் போவும்னு கேக்கறாரு. எங்க ஊருல ஒரு கூட்டத்துல இதச் சொன்னேன். அசந்துட்டாங்க.”

அந்த வரி எனக்கு நினைவிருந்தது. என் கணவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்த நாற்பத்தெட்டு நாளில் எழுதியது. தினம் இரண்டு வேளை கறுப்பு வேட்டி துவைத்துக்கொண்டிருந்தேன். தத்துவம் எதுவும் அதில் கிடையாது, சோப்புத் தண்ணீர்தான்.

“இன்னொண்ணும் பாத்தேன்” என்று நயினார் குரலைத் தாழ்த்தினார். “ஒரு பக்கத்துல ‘பால் ரெண்டு, வெங்காயம் ஒரு கிலோ, கேஸ் சொல்லணும்’னு எழுதியிருக்காரு. அவ்ளோ பெரிய மனுசன், கடைக்குப் போறதுலேர்ந்து எல்லாம் அவரே பண்ணிக்கினு இருந்திருக்காரு. அந்தம்மா ஒரு வேலையும் செய்யமாட்டாங்க போல. பாவம்.” சிறிது யோசித்துவிட்டு, “நாங்க வெங்காயம் தொடமாட்டோம். அவரு சாப்பிடுவாருன்னு தெரிஞ்சப்போதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்” என்றார்.

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே சிரித்துவிட்டு, “அது நான்தாங்க” என்று சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் ஒரு மனிதர் நம் எழுத்தைப் பற்றி நம்மிடமே அவ்வளவு அன்பாகப் பேசும்போது குறுக்கிட மனம் வருமா? நாலு மணி ஆனதும் அவர் எழுந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட வேண்டும், இருட்டிய பிறகு அவர் உண்பதில்லை. செஞ்சி பஸ்ஸைப் பிடிக்கப் பூக்கடை வழியாகவே போனார்.

அவர் போன பிறகு கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. அங்கேயே ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தையும் காகிதத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நல்ல வேளைங்க டீச்சர், நீங்க சாவல” என்றார்.

பொய் சொன்னோமே என்று அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. மாறாக, உள்ளே போய் ஐந்தாறு நாவல்களைத் தூசு தட்டி எடுத்துவந்தார். “மூணு வருசமா இதுங்க போவாம பேஜாரா இருக்குது. நீங்க சும்மா எடுத்துக்கினு போங்க, படிங்க. படிச்சுட்டு எதனா எழுதிக் குடுங்க. நயினாருக்கும் படிக்க ஆச்சு, எனக்கும் வியாபாரம் ஆச்சு, உங்களுக்கும் ஓசியில படிச்ச மாதிரி ஆச்சு.”

தேர்வில் துண்டுச்சீட்டு வைத்திருந்தால் பெற்றோரை வரவழைக்கும் தலைமையாசிரியை நான். கையெழுத்து மாறியிருக்கிறதென்று ஒரு பிள்ளையின் விடுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போட்டது அதற்கு முந்தைய நாள்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஆறு புத்தகங்களையும் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்படித்தான் நான் காலஞ்சென்ற பேராசிரியரானேன்.

பள்ளிக்குப் போகும் பஸ்ஸிலும், மதிய இடைவேளையிலும், இரவு சமையல் முடிந்த பிறகும் படித்தேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் பழையபடி வரவில்லை. படிக்கப்போவது யாரென்று இப்போது தெரியும். கூட்டத்தில் எடுத்துப் பேசுவார் என்றும் தெரியும். அதனால் பேராசிரியர் எப்படி எழுதுவாரோ அப்படி எழுதினேன். ‘மானுட வாழ்வின் நிலையாமை’ என்று ஒரு பக்கத்தில் எழுதினேன். ‘ஈண்டு நோக்கத்தக்கது’ என்று இன்னொரு பக்கத்தில். அந்தச் சொற்களை நான் அதுவரை வாயால்கூடச் சொன்னதில்லை. செத்த பிறகு என் தமிழ் நன்றாகிவிட்டது. மளிகைப் பட்டியலை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டேன், வெங்காயம் அவரைப் புண்படுத்துமே.

வாராவாரம் இரண்டு மூன்று புத்தகங்களைக் கடையில் கொண்டுபோய் வைப்பேன். நயினார் வருவார், எடுத்துக்கொள்வார். அதற்கு முன்பு வாங்கியவற்றைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். நான் முக்காலிக்கு எதிரே ஒரு வழிகாட்டிக் கட்டின்மேல் உட்கார்ந்து கேட்பேன். புதிய குறிப்புகளை எப்போது புகழப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் பழையதைப் பற்றியே பேசினார்.

ஒருநாள் நானே கேட்டுவிட்டேன். “போன வாரம் எடுத்ததெல்லாம் எப்படிங்க இருந்துது?”

அவர் முகம் சுருங்கியது. “சொல்லக்கூடாது. கடைசிக் காலத்துல பேராசிரியருக்குக் கொஞ்சம் தளர்ந்துபோச்சு போலம்மா. பெரிய பெரிய வார்த்தையா போட்டிருக்காரு, உள்ள ஒண்ணுமில்ல. வயசாயிட்டா அப்படித்தான். நமக்கும் ஆவும்.”

கடைக்காரர் ஒரு கட்டின் பின்னால் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது தெரிந்தது.

அன்று பஸ்ஸில் விக்கிரவாண்டி வரும்வரை எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. தளர்ந்துவிட்டதாம். கையிலிருந்த நாவலைத் திறந்து, பேராசிரியரை மறந்துவிட்டு, எனக்குத் தோன்றியதை எழுதினேன். புது நாவல், அட்டைகூட மடங்காதது. யாரோ அன்பளிப்பாகக் கிடைத்ததை அப்படியே கொண்டுவந்து கடையில் போட்டிருந்தார்கள். கதாநாயகி ஒரே நாளில் காலையில் வயலில் களையெடுக்கிறாள், மதியம் காதலிக்கிறாள், சாயங்காலம் ஆற்றங்கரையில் அழுகிறாள். ‘அப்படியானால் அன்று சமைத்தது யார்?’ என்று எழுதினேன். கதாநாயகனின் நிலம் மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு ஏக்கர், ஒன்பதாம் அத்தியாயத்தில் ஐந்து ஏக்கர். ‘நடுவில் யாரிடம் வாங்கினான்?’ என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். திண்டிவனம் வந்தபோது எழுபது பக்கம் முடிந்திருந்தது. மனசு லேசாகிவிட்டது.

அந்தப் புத்தகத்தைக் கொடுத்த அடுத்த வாரம் பள்ளியில் ஆய்வு என்று போக முடியவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை போனேன். நயினார் அன்று மண்டியிலேயே தங்கிவிட்டாராம். கடைக்காரர் அந்த நாவலை எடுத்து நீட்டினார்.

“நயினாரு போன வாரமே திருப்பிக் குடுத்துட்டாருங்க. ‘இது எழுதினவருக்குத் தேவைப்படும், குடுத்துடுங்க’ன்னாரு. நாவல் எழுதினவரு மெட்ராஸ்ல இருக்காரு, நான் எங்க போய்க் குடுக்கறது? நீங்களே சொல்லுங்க.”

புத்தகத்தைத் திறந்தேன். என் பென்சில் குறிப்பு ஒவ்வொன்றுக்கும் கீழே நீல மையில், சின்னச் சின்ன உருண்டை எழுத்தில் ஒரு பதில் இருந்தது. ‘ஐயா, சமைத்தது தாயாராக இருக்கலாம். தாங்கள் சற்றே அவசரப்பட்டுவிட்டீர்கள்.’ ‘ஏக்கர்க் கணக்கு மிகச் சரி. அடியேன் கவனிக்கவில்லை.’ ‘ஐயா பழைய நிலைக்கு வந்துவிட்டது கண்டு பெருமகிழ்ச்சி.’ பக்கம் பக்கமாக இப்படி.

கடைசியில் நூல் விவரம் அச்சிட்ட பக்கத்துக்கு வந்தேன். முதற்பதிப்பு ஜூலை என்றிருந்த இடத்தில் கீழே கோடு போட்டிருந்தார். பேராசிரியர் போய்ச் சேர்ந்ததோ அதற்கு முந்தைய மார்கழியில். கோட்டுக்குப் பக்கத்தில் நீல மையில் எழுதியிருந்தது: ‘ஐயா, தாங்கள் இப்போது இருக்கும் இடத்துக்கும் புதுப் புத்தகங்கள் வருகின்றன என்று அறிந்து ஆறுதலடைந்தேன்.’

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு காது சூடாகிவிட்டது. இத்தனை நாளாக அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் நினைத்தேனே தவிர, அவரும் படித்தவர், எண்ணத் தெரிந்த வியாபாரி என்று எனக்கு உறைக்கவேயில்லை. அதைவிட இன்னொன்று. அவர் எடுத்துப்போன என் பழைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் இப்படிப் பதில் எழுதியிருப்பாரோ? யாரும் பதில் சொல்லமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் அத்தனை வருடமும் ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே போய்க் கடையில் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு மணிக்கு நயினார் வந்தார். என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, நேராகக் கடைக்காரரிடம் போனார்.

“இன்னாய்யா, எழுதினவருக்குக் குடுத்துட்டியா?”

“மெட்ராஸுக்கு நான் எப்ப போறதுங்க?”

“மெட்ராஸுக்கு எதுக்குப் போவணும்? எழுதினவரு இங்கயே இருக்காரு, எனக்குத் தெரியும்.” நயினார் விரலை நீட்டி அவர் மார்பைத் தொட்டார். “நீதான்யா அது. எத்தினி வருசமா புக்கு நடுவுல உக்காந்திருக்க. உனக்கு இவ்ளோ விசயம் இருக்குன்னு நான்தான் புரிஞ்சுக்கல.”

கடைக்காரர் பதறிப்போனார். “நானா? ஐயா, நான் ஏழாவதோட நின்னவங்க! வழிகாட்டி அட்டையில இருக்கற பேரைத் தவிர ஒண்ணும் படிச்சதில்லீங்க!”

இங்கே என்னுடைய தற்பெருமை விழித்துக்கொண்டது. எதிரில் ஒரு தலைமையாசிரியை உட்கார்ந்திருக்கிறேன், இத்தனை வாரமாக இந்த மனிதரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். அவருக்குச் சந்தேகம் வந்ததோ ஏழாவதோடு நின்றவர் மேல்.

“நான்தாங்க எழுதினேன்” என்றேன்.

“இது மட்டுமா?”

“எல்லாமே. வேட்டி, வெங்காயம் எல்லாமே. பேராசிரியர்னு யாரும் இல்லீங்க. அந்தப் புத்தகமெல்லாம் என்னோடது. வீடு மாத்தறப்போ எங்க வீட்டுக்காரரு தெரியாம போட்டுட்டாரு.”

எழுதிக் காட்டப் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். முக்காலியில் உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேலே புறாக்கள் சத்தம் போட்டன. வழிகாட்டி வாங்க வந்த ஒரு பெண் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள்.

“போன மாசம் ஒரு சதுர்த்தசி அன்னிக்கு உபவாசம் இருந்தேன்மா” என்றார் கடைசியில். “எப்பவும் இருக்கறதுதான். அந்தத் தடவை அவரை நெனச்சுக்கினு இருந்தேன். நல்ல மனுசன், ஒருதடவகூடப் பாக்காம போயிட்டமேன்னு.”

அதுவரை நடந்த எதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை. அன்று வெட்கப்பட்டேன். ஒருவர் நமக்காகப் பசியோடு இருந்தார், அப்போது நாம் பஸ்ஸில் உட்கார்ந்து ‘ஈண்டு நோக்கத்தக்கது’ என்று எழுதிக்கொண்டிருந்தோம். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன்.

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “ஆனா அந்த வேட்டி விசயம். அதுக்கு நான் சொன்ன அர்த்தம் சரிதானே?”

“இல்லீங்க. எங்க வீட்டுக்காரரு மாலை போட்டிருந்தாரு. தெனம் ரெண்டு தரம் துவைக்கற கடுப்புல எழுதினேன்.”

அவர் யோசித்தார். முகத்தில் ஏதோ ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமினார். கடைக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

“அப்போ நான் சொன்னதே மேல்” என்றார், தண்ணீரைக் குடித்துவிட்டு.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நானே ஒருநாள் ஜாடையாகக் கேட்டேன். “அதுல பாதி எழுத்து என்னுதாச்சேம்மா” என்று முடித்துவிட்டார். நியாயம்தான். ஆனால் மாதம் ஒன்றிரண்டாகக் கொண்டுவந்து படிக்கக் கொடுக்கிறார், நூலகம் மாதிரி. நான் நினைத்தது சரி. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே நீல மை. மளிகைப் பட்டியலைக்கூட விடவில்லை. வெங்காயத்துக்குக் கீழே, ‘ஐயா, மண்ணுக்கடியில் விளைவதைத் தவிர்ப்பது நலம்’ என்று எழுதியிருந்தார். நான் அதற்குக் கீழே, ‘மல்லாட்டை எங்கே விளைகிறது?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மறுவாரம் பதில் வந்தது: ‘அது வேர் அல்ல, விதை. தப்பான கேள்வி.’

இங்கே ஒன்றைக் கவனித்தேன். பேராசிரியராக இருந்தவரை, நான் எவ்வளவு தப்பு செய்தாலும் ‘தாங்கள் சற்றே அவசரப்பட்டுவிட்டீர்கள்’ என்பதற்கு மேல் போகமாட்டார். டீச்சர் என்று தெரிந்த நாளிலிருந்து ‘தப்பு’ என்று ஒரே சொல்லில் அடித்துவிடுகிறார். இறந்துபோன ஆணாக இருந்தபோது எனக்கு இருந்த மதிப்பு, உயிரோடு இருக்கும் பெண்ணாக வந்ததும் இறங்கிவிட்டது. இதை அவரிடமே சொன்னேன். மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன்.

“ஆமாம்மா” என்றார். “செத்தவருகிட்ட சண்ட போட்டா அவரு இன்னா திருப்பிச் சொல்லப் போறாரு? நீங்க சொல்லுவீங்க இல்ல. அதனாலதான் ஓங்கிப் போடறேன்.”

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கடைக்காரருக்குத்தான் வருத்தம். இரண்டு பேரும் பதிலுக்குப் பதில் எழுதி ஓரத்தில் இடமே இல்லாமல் செய்துவிட்டோம், இந்தப் புத்தகங்களை இனி எவனும் வாங்கமாட்டான் என்கிறார். நாங்கள் கடைமுன் உட்கார்ந்து சத்தம் போடுவதால் வழிகாட்டி வியாபாரம் கெடுகிறதாம். “ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு வாங்க, போங்க” என்று அடிக்கடி துரத்துகிறார்.

போன தை மாதம் என் கணவர் மண்டி விலை விசாரிக்க வேண்டும் என்று என்னோடு விழுப்புரம் வந்தார். மார்க்கெட்டில் நயினாருக்கு அறிமுகப்படுத்தி வைத்தேன். நயினார் எழுந்து நின்று, அவர் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதானா அவரு? உங்களுக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேங்க. நீங்க மட்டும் அன்னிக்கு அந்த வேலயச் செய்யலன்னா எனக்கு இந்த வயசுல இப்படி ஒரு பேச்சுத்துணை கிடைச்சிருக்காது.”

எந்த வேலை என்று என் கணவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் அடக்கமாக, “அதெல்லாம் இன்னாங்க பெரிய விசயம்” என்றார். நயினார் புதுமல்லாட்டை ஒரு பை நிறையக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு உரித்துத் தின்றபடியே வந்தார். “நல்ல மனுசன்” என்றார். “எதுக்கு நன்றி சொன்னாருன்னுதான் தெரியல. எப்பவோ கரண்டு வேலை ஏதாவது முடிச்சுக் குடுத்திருப்பேன், எனக்குத்தான் ஞாபகம் இல்ல.”

“இருக்கும்” என்றேன்.

பஸ்ஸில் குப்பை போடக்கூடாது என்ற ஒழுங்கு அவருக்கு உண்டு. அதனால் தோலையெல்லாம் என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து, பைக்குள் அந்தத் தோலோடு கிடந்த, நயினார் அன்று கொடுத்திருந்த புத்தகத்தை எடுத்து வாசலில் நின்று உதறினேன். பக்கங்களுக்கு நடுவில் ஒரு முழுப் பருப்பு மாட்டியிருந்தது. அதை வாயில் போட்டுக்கொண்டு, பென்சிலைத் தேடப் போனேன்.